சக்கரம் கழுவும் அமிலம்

தளியிலிருந்து காட்டை ஒட்டிச் செல்லும் சாலை வழியாக ஜவளகிரிக்கு வந்து நிற்கும் ஒரு வண்டியின் சக்கரத்தை அருகில் சென்று பாருங்கள். அதில் மூன்று வகை அழுக்கு இருக்கும். முதலாவது இந்தப் பகுதியின் செம்மண். இரண்டாவது கருங்கல் குவாரிகளிலிருந்து காற்றில் பறந்து வரும் வெண்ணிறத் தூள். மூன்றாவது, சக்கரத்தின் நடுப்பகுதியைச் சுற்றிப் படிந்திருக்கும் கறுப்புப் பொடி. முதல் இரண்டும் சாலை கொடுத்தவை. மூன்றாவதை வண்டியே உண்டாக்கிக்கொண்டது.

அது எப்படி உண்டாயிற்று? பத்து டன் எடையுள்ள ஒரு லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றலை நீங்களே கணக்கிடலாம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 14 லட்சம் ஜூல் வரும். லாரி நிற்கும்போது இந்த ஆற்றல் எங்கே போகிறது? பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. 25 டிகிரியில் உள்ள நான்கு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கே இவ்வளவு! தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரியின் நிலை இன்னும் மோசம். அதே லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால் இழக்கும் நிலை ஆற்றல் 98 லட்சம் ஜூல். அதாவது 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு முறை நிறுத்துவதற்குச் சமம். இறக்கத்தில் 'கியரில் இறங்கு' என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்; வெப்பத்தில் ஒரு பங்கையாவது என்ஜின் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதே.

இப்படி உராயும்போது பிரேக்கின் இரும்பும் லைனிங்கும் நுண்துகள்களாகத் தேய்ந்து, சூடாகவே பறந்துபோய்ச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஈரம் படும்போது அந்த இரும்புத் துகள் துருப்பிடித்து, ஒட்டிய இடத்தையே பற்றிக்கொள்கிறது. கார்களில் முன்சக்கரம்தான் அதிகம் கறுக்கும். பிரேக் பிடித்ததும் நாம் முன்னால் சாய்வதுபோல வண்டியின் எடையும் முன்சக்கரங்கள் மேல் சாய்கிறது. அதனால் முன் பிரேக்குகளுக்கு வேலை அதிகம்.

செம்மண் தண்ணீர் பட்டதும் கரைந்து ஓடிவிடும். கறுப்புப் பொடி ஓடாது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. எனவேதான் ஓசூர், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோர வாட்டர் சர்வீஸ் கடைகளிலும், ஏன், தமிழ்நாடு முழுவதும் இத்தகைய கடைகள் பலவற்றிலும், ஒரு மூலையில் ஒரு பிளாஸ்டிக் கேன் இருக்கும். அதன்மேல் பெயர்ச்சீட்டு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கேட்டால் 'ஆசிட்' என்பார்கள். சில கேன்களில் இருப்பது ஆசிட்டே அல்ல, அதற்கு நேர் எதிரான காரம். வாளியில் சிறிது ஊற்றித் தண்ணீர் கலந்து சக்கரத்தின் மேல் வீசுவார்கள். வெண்ணுரை பொங்கும். ஒரு நிமிடத்தில் சக்கரம் வெள்ளிபோல் மின்னும். பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் கரைந்து போனது அழுக்கு மட்டும்தானா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத கவசம்

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவரத் தொடங்கியபோது அதன் சக்கரம் எஃகு ரிம்மும் கம்பி ஆரங்களும் கொண்டதாக இருந்தது. இன்று மோட்டார் சைக்கிள்களிலும் கார்களிலும் 'அலாய் வீல்' பெருகிவிட்டது. இது பெரும்பாலும் அலுமினியத்துடன் சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் மிகச் சிறிதளவு மக்னீசியமும் கலந்து வார்க்கப்படும் உலோகக் கலவை. எஃகின் அடர்த்தி 7.8, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. சக்கரம் எடை குறைவாக இருந்தால் மேடு பள்ளங்களில் அது சாலையை விட்டு எழும்பாமல் ஒட்டி ஓடும்.

அலுமினியம் மிகுந்த வினைத்திறன் உடைய உலோகம். உங்கள் வேதியியல் புத்தகத்தில் உள்ள வினைத்திறன் வரிசையில் அது இரும்புக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் இரும்பைவிட விரைவில் அல்லவா அது அழிந்துபோக வேண்டும்? ஆனால் உங்கள் வீட்டு அலுமினியப் பாத்திரம் பாட்டி காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது. காரணம், காற்றுப் பட்டவுடனேயே அலுமினியத்தின் மேல் அலுமினிய ஆக்சைடால் ஆன ஒரு மென்படலம் உருவாகிவிடுகிறது. அதன் தடிமன் மூன்று நானோமீட்டர் அளவே. ஒரு தலைமுடியின் பருமனுக்கு ஈடாக இந்தப் படலங்களை அடுக்க வேண்டுமானால் சுமார் இருபதாயிரம் படலங்கள் தேவைப்படும். இவ்வளவு மெல்லியதாக இருந்தும் இது இடைவெளியின்றி உலோகத்தோடு இறுகப் பொருந்தியிருக்கிறது. இரும்பின் துரு அப்படியல்ல. அது தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் பிடித்துப் பொருமி, உதிர்ந்து, அடியில் உள்ள புதிய இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறது.

சக்கரத்தைக் காப்பது உலோகம் அல்ல, இந்தப் படலம்தான். கீறல் விழுந்தாலும் நொடியில் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. பெல்ஜிய நாட்டு அறிஞர் மார்செல் பூர்பே, எந்த உலோகம் எந்த பி.எச். அளவில் கரையும், எதில் கரையாது என்பதை வரைபடங்களாக்கித் தந்தார். அலுமினியத்தின் வரைபடத்தைப் பார்த்தால், பி.எச். ஏறத்தாழ 4 முதல் 8.5 வரை உள்ள நடுப்பகுதியில் மட்டுமே இந்தப் படலம் நிலைத்திருக்கிறது. அதற்குக் கீழே போனால் அமிலம் கரைக்கிறது. மேலே போனால் காரம் கரைக்கிறது. இரண்டு பக்கமும் அடி! இதைத்தான் ஈரியல்பு ஆக்சைடு என்று வகுப்பில் படிக்கிறீர்கள். அரிமானம் என்னும் இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இது முக்கியமான ஆய்வுத்துறை.

இந்தப் பாடம் அம்மாவின் சமையலறையிலும் நடக்கிறது. அலுமினியப் பாத்திரத்தில் தினமும் உப்புத்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் உட்புறம் கறுத்துப்போகும். அதே பாத்திரத்தில் ஒரு நாள் புளிக்குழம்பு வைத்தால் உட்புறம் பளிச்சென்று ஆகிவிடும். தேய்க்காமலே பாத்திரம் வெளுத்ததே என்று மகிழ வேண்டாம். கறுப்போடு சேர்ந்து மேற்பரப்பும் கொஞ்சம் கரைந்து குழம்புக்குள் போயிருக்கிறது. புளிக்குழம்பை அலுமினியத்தில் வைக்காதே என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

மேட்டூரில் செய்ததும் வாளியில் செய்வதும்

அலுமினிய ஆக்சைடு எளிதில் கரையாத பொருள். பாக்சைட்டு தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேதியியலார் வெகுகாலம் திண்டாடினர். 1888-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் யோசப் பேயர் ஒரு வழி கண்டார்: சூடான எரிசோடாக் கரைசல். பாக்சைட்டில் உள்ள அலுமினிய ஆக்சைடு அதில் கரைகிறது. இரும்பு முதலிய மற்றவை செஞ்சேறாக அடியில் தங்குகின்றன. அடுத்த சிக்கல், ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது. 1886-இல், அமெரிக்காவில் 22 வயது சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே விடையைக் கண்டிருந்தார்கள். உருகிய கிரையோலைட்டு என்னும் பொருளில் ஆக்சைடைக் கரைத்து, மின்சாரம் செலுத்த வேண்டும். (இருவரும் பிறந்தது 1863-இல், இறந்தது 1914-இல் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.) கிரையோலைட்டு என்பது என்ன? அலுமினியமும் சோடியமும் சேர்ந்த ஒரு ஃபுளூரைடு. 1965-இல் மேட்டூரில் தொடங்கிய அலுமினிய ஆலை ஏற்காடு, கொல்லிமலை ஆகிய இடங்களின் பாக்சைட்டிலிருந்து இதே முறைகளில்தான் உலோகம் எடுத்தது.

ஆக, அலுமினிய ஆக்சைடைக் கரைக்க உலகம் தேர்ந்தெடுத்த பொருள்கள் இரண்டு: எரிசோடா, ஃபுளூரைடு. இப்போது வாட்டர் சர்வீஸ் கடைக் கேனுக்கு வருவோம். கடுமையான சக்கரக் கழுவிகளில் கார வகையில் இருப்பது பெரும்பாலும் எரிசோடா. அமில வகையில் ஹைட்ரோகுளோரிக், பாஸ்பாரிக் போன்ற அமிலங்களோடு, 'அலுமினியத்தை வெளுக்கச் செய்வது' என்று விற்கப்படுபவற்றில் பல ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ, தண்ணீரில் அதையே உண்டாக்கும் அம்மோனியம் பைஃபுளூரைடோ கொண்டவை. ஆலையில் பெரிய கலன்களில் அளந்து, வெப்பநிலை பார்த்து, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலையை, நாம் வாளியும் துணியும் கொண்டு ஓடும் சக்கரத்தின் மேல் செய்கிறோம்!

அதன் விளைவுகள் உடனே தெரியாது. எரிசோடா பட்ட அலுமினியத்திலிருந்து ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும். அந்த நுரையை அழுக்கு நீங்கும் நுரை என்று எண்ணி ஏமாறுகிறோம். அலுமினியம் கரைந்துபோக, கரையாத சிலிக்கானும் இரும்பும் கறுப்பு மசியாக மேற்பரப்பில் எஞ்சுகின்றன. அதைக் கண்டு 'இன்னும் அழுக்கு இருக்கிறது' என்று இன்னொரு முறை ஊற்றுவார்கள். புதிய சக்கரங்களின் மேல் தெளிந்த வார்னிஷ் போன்ற பூச்சு ஒன்று உண்டு. கல் பட்டு அதில் விழுந்த சிறு துளை வழியே கரைசல் உள்ளே நுழைந்துவிட்டால், பூச்சின் அடியில் புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் நாளுக்கு நாள் நீளும். டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தில் அரிப்பு ஏற்பட்டால், பங்சரே இல்லாமல் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். பங்சர் கடைக்காரர் ட்யூப்லெஸ் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு 'டயரில் ஒன்றும் இல்லை, ரிம்மில்தான்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

சூடான சக்கரத்தில் ஊற்றினால் இவை எல்லாம் வேகமாக நடக்கும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான விதி. 30 டிகிரியில் இருக்க வேண்டிய சக்கரம் இறக்கம் இறங்கிவந்து 70 டிகிரியில் இருந்தால் எத்தனை மடங்கு? இரண்டை நான்கு முறை பெருக்குங்கள்: பதினாறு. அதோடு தண்ணீர் ஆவியாகிப் போக, மிஞ்சும் அமிலத்தின் செறிவும் கூடிக்கொண்டே போகிறது.

எஃகுக்குள் நுழையும் ஹைட்ரஜன்

எஃகுச் சக்கரம் உள்ள லாரிக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கலாம். சக்கரத்தட்டைப் பொறுத்தவரை பெயிண்ட் போகும், துரு ஏறும், அவ்வளவுதான். ஆனால் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் போல்ட்டுகள் வேறு கதை.

1875-இல் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜான்சன் என்பவர் ஒரு வியப்பான செய்தியை ராயல் சொசைட்டியில் தெரிவித்தார். சில நிமிடங்கள் அமிலத்தில் கிடந்த இரும்புக் கம்பி, வளைத்தால் வளையாமல் ஒடிந்தது. ஒடிந்த முகத்தை நனைத்தால் அதிலிருந்து குமிழ்கள் வந்தன. அதே கம்பியைச் சில நாட்கள் சும்மா வைத்திருந்தால் பழைய வலிமை திரும்பியது. அமிலம் இரும்பைக் கரைக்கும்போது உண்டாகும் ஹைட்ரஜன் முழுவதும் வாயுவாக வெளியேறிவிடுவதில்லை. ஒரு பகுதி தனித்தனி அணுக்களாக உலோகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. மிகச் சிறிய அணுவல்லவா அது? இரும்பணுக்களின் இடைவெளிகளில் புகுந்து, இழுவிசை எங்கே மிகுதியோ அங்கே போய்ச் சேர்ந்து, உலோகத்தை நொறுங்கும் தன்மை உடையதாக்குகிறது.

மென்மையான இரும்பை இது பெரிதாகப் பாதிப்பதில்லை. எஃகு எவ்வளவு வலிமையானதோ அவ்வளவுக்கு இது ஆபத்து. நின்றிருக்கும் ஒரு வண்டியின் போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவிசை தாங்கும் என்று தெரியும். 10.9 என்றால் 1000 நியூட்டன். அதாவது அரிசி மணி ஒன்றைவிடச் சிறிய பரப்பில் நூறு கிலோ எடை! 12.9 என்று பொறித்தவை அதைவிட வலியவை. ஹைட்ரஜனுக்கு அதைவிட அஞ்ச வேண்டியவை. போல்ட் செய்யும் ஆலைகளில் வலிமைமிக்க போல்ட்டுகளுக்கு மின்முலாம் பூசியவுடன், சுமார் 200 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் வைத்து உள்ளே புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் அடுப்பு ஏது? ஒருமுறை தெறித்த அமிலத்தால் போல்ட் ஒடிந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் வாராவாரம் அமிலம் குடித்து, கழுவப்படாமல் நட்டின் இடுக்கில் அது தங்கி, துத்தநாக முலாமும் கரைந்து, முறுக்கப்பட்ட நிலையிலேயே துருவேறும் போல்ட்டை நம்பி மலைப்பாதையில் போவது புத்திசாலித்தனம் அல்ல.

புல்லட் போன்ற வண்டிகளில் மின்னும் குரோமிய முலாம் பற்றியும் ஒரு சொல். துருவை எதிர்க்கும் குரோமியம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். கழிவறை கழுவும் ஆசிட்டை ஆரக்கம்பிகளில் ஊற்றியவர்கள், அடுத்த மழைக்காலத்தில் கம்பி முழுதும் செந்நிறப் புள்ளிகளைக் காண்பது இதனால்தான்.

வலிமை குறைந்த அமிலம் ஏன் கொடியது?

இதுவரை சக்கரத்துக்கு வரும் கேட்டைப் பார்த்தோம். சக்கரம் போனால் வேறு வாங்கலாம். கழுவுகிறவரின் கைக்கு என்ன ஆகிறது? விடுமுறையில் இத்தகைய கடைகளில் கைச்செலவுக்காக வேலைக்குப் போகும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

உங்கள் பாடப்புத்தகம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வலிமை மிகுந்தது என்றும், ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை வலிமை குறைந்தது என்றும் சொல்லும். அது சரிதான். ஆனால் வேதியியலில் 'வலிமை' என்றால் தண்ணீரில் எந்த அளவுக்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதே பொருள். உடலுக்குச் செய்யும் தீங்கின் அளவு அல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடுவதால், மின்னூட்டம் உடைய அந்த அயனிகள் தோலின் கொழுப்புத் தடையை எளிதில் தாண்ட முடிவதில்லை. மேல்தோலைச் சுட்டு எரிச்சலை உண்டாக்கும். எரிச்சல் வந்ததும் கையைக் கழுவிக்கொள்வோம். ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ பெரும்பாலும் பிரியாத மூலக்கூறாகவே இருக்கிறது. மின்னூட்டம் இல்லாத அந்தச் சிறு மூலக்கூறு தோலைக் கடந்து உள்ளே போய்விடுகிறது. நீர்த்த கரைசலாக இருந்தால் பட்ட நேரத்தில் வலியே தெரியாமல் போகலாம். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, விரல் நுனியிலும் நகத்தடியிலும் தாங்க முடியாத வலி தொடங்கும். அதற்குள் கழுவ வேண்டிய நேரம் கடந்துவிட்டிருக்கும்.

உள்ளே சென்ற ஃபுளூரைடு தேடிப் பிடிப்பது கால்சியத்தை. இரண்டும் சேர்ந்தால் கரையாத கால்சியம் ஃபுளூரைடு. ஒரு கணக்குப் போடுவோம். வளர்ந்த மனிதர் ஒருவரின் இரத்தநீர் சுமார் மூன்று லிட்டர். லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் கால்சியம். மொத்தம் 300 மில்லிகிராம். 40 பங்கு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள 38 பங்கு ஃபுளூரைடு போதும். எனவே கால் கிராமைச் சற்றே தாண்டிய ஃபுளூரைடு இரத்தநீரில் உள்ள கால்சியம் முழுவதற்கும் ஈடு. எலும்பில் ஒரு கிலோ அளவுக்குக் கால்சியம் இருப்பு இருக்கிறது. ஆனால் அது இந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து இரத்தத்துக்கு வருவதில்லை. இதயம் சீராகத் துடிக்க இரத்தத்தில் கால்சியம் வேண்டும். கையில் பட்டது இதயத்தைத் தொடுவது இப்படித்தான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை, கார், லாரி கழுவும் வேலையில் இந்த அமிலம் கலந்த கழுவிகளால் தீப்புண் அடைந்த 48 தொழிலாளர்களின் விவரத்தை அங்குள்ள தொழிலாளர் துறையினர் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏழு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இருவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இவர்களைத் தவிர, லாரி கழுவும் தொழிலாளி ஒருவர் இந்தக் கழுவி வயிற்றுக்குள் சென்றதால் இறந்துபோனார். கையுறையும் பெயர்ச்சீட்டும் உள்ள நாட்டில் இந்த நிலை. எண்ணிப் பார்க்க ஆள் இல்லாத இடங்களில் எத்தனை என்று யார் சொல்வது?

கையிலோ காலிலோ பட்டுவிட்டால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. நனைந்த உடையைக் கழற்றிவிட்டு, உடனே ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கேனையோ அதன் பெயர்ச்சீட்டையோ எடுத்துச் சென்று, 'இதில் ஃபுளூரைடு இருக்கலாம்' என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல்லில்தான் சிகிச்சையே மாறுகிறது. சாதாரணத் தீப்புண் மருந்துக்குப் பதிலாக, மருத்துவர் கால்சியம் குளூகோனேட்டைப் பயன்படுத்துவார். ஃபுளூரைடுக்கு நம் உடலின் கால்சியத்தை விட்டுக்கொடுக்காமல், வெளியிலிருந்து வேறு கால்சியத்தைத் தருவதே இந்தச் சிகிச்சையின் தத்துவம். இன்னொன்று: எந்த அமிலக் கழுவியையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும்.

கடைக் கேனில் ஃபுளூரைடு இருக்கிறதா என்பதற்கு ஒரு மறைமுக அடையாளம் உண்டு. அது கண்ணாடியை அரிக்கும். அடிக்கடி கழுவப்படும் இடத்தில் வண்டிகளின் கண்ணாடி மங்கலாகி, துடைத்தாலும் தெளியாமல் இருந்தால் ஐயம் கொள்ளலாம். சோதித்துப் பார்க்கிறேன் என்று கேனைத் திறக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கழுவிய தண்ணீர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து மாணவர்களுக்கு ஃபுளூரைடு புதிய சொல் அல்ல. இங்குள்ள பாறைகளில் இயற்கையாகவே ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உள்ளன. பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது கரைந்து வந்து, பற்களில் பழுப்புக் கறையையும் முதிர்ந்த வயதில் மூட்டு இறுக்கத்தையும் உண்டாக்கிற்று. அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் மேற்கொள்ளப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளூரோசிஸ் தணிப்பு' என்ற சொற்கள் உண்டு.

குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஃபுளூரைடு என்பது இந்தியத் தர அளவு. ஒரு நாள் கழுவலில் பத்து கிராம் ஃபுளூரைடு சாக்கடைக்குப் போகிறது என்று கொள்வோம். ஒரு கிராம் என்பது ஆயிரம் மில்லிகிராம். எனவே பத்து கிராம், பத்தாயிரம் லிட்டர் நல்ல நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு டேங்கர் லாரித் தண்ணீர்! மண்ணில் கால்சியம் மிகுந்திருந்தால் ஃபுளூரைடின் ஒரு பகுதி அங்கேயே கால்சியம் ஃபுளூரைடாகக் கட்டுண்டு நிற்கும். ஆனால் கால்சியம் குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரில் அது கரைந்தே இருக்கும். ஃபுளூரைடு அதிகமாகக் காணப்படும் கிணறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை நீர் உடையவை என்பதுதான் சங்கடம். பெங்களூரின் கழிவுகளைச் சுமந்துவரும் தென்பெண்ணை, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் நுரை பொங்கி வந்ததைப் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரை கண்ணுக்குத் தெரிந்தது. ஃபுளூரைடுக்கு நிறமும் இல்லை, நுரையும் இல்லை.

அப்படியானால் சக்கரத்தை எப்படிக் கழுவுவது?

முதலில் ஆறவிட வேண்டும். கையை அருகில் கொண்டுபோனால் அனல் அடிக்கக் கூடாது. பிறகு வெறும் தண்ணீர், நிறைய. தேய்ப்பதற்கு முன் தண்ணீர் என்பது முக்கியம். கருங்கல் தூளில் உள்ள குவார்ட்சு, கடினத்தன்மை அளவுகோலில் 7. அலுமினியம் 3-க்கும் கீழே. தூளோடு தேய்த்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். மண் போனபின், மென்மையான சோப்புக் கரைசலும் மென்மையான பிரஷ்ஷும். கறுப்புப் பொடி வாராவாரம் கழுவினால் இதிலேயே போகும். ஆறு மாதம் விட்டுவைத்து ஒரே நாளில் போக்க நினைப்பதால்தான் ஆசிட் தேவைப்படுகிறது. ஒட்டிப்போன இரும்புத் துகளைத் தனியாகப் பிடித்து ஊதா நிறமாக மாற்றிக் காட்டும் கழுவிகள் இப்போது வருகின்றன. அவை நடுநிலை பி.எச். உடையவை, படலத்தைத் தொடுவதில்லை. நாற்றம் அதிகம், கையுறையும் வேண்டும். தார் ஒட்டியிருந்தால் துணியில் தொட்ட சிறிது மண்ணெண்ணெய் போதும். அதுவும் உலோகத்தில் மட்டும். டயரில் பட்டால் ரப்பர் ஊறிப் பருக்கும். ஹப்பை நோக்கி வேகமான நீர்ப்பீச்சைத் திருப்பினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகும். கடைசியில், சாலைக்குப் போகும் முன் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தி அதைக் காயவைக்க வேண்டும். ஈரமான பிரேக் பிடிக்காது.

வீட்டில் செய்து பாருங்கள்

உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளில் ஒரே அளவில் மூன்று துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று கண்ணாடித் தம்ளர்களில் முறையே தண்ணீர், எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா கரைத்த தண்ணீர் ஆகியவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் போடுங்கள். சலவைச் சோடா எரிசோடாவைவிட மிகவும் சாதுவானது. இருந்தாலும் கண்ணில் படக் கூடாது. வாயு வெளிவரும் என்பதால் தம்ளர்களை மூட வேண்டாம். எந்தத் தம்ளரில் குமிழ் முதலில் தோன்றுகிறது, எத்தனை நிமிடத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் துண்டுகளை எடுத்துக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நிறத்தையும் ஊசித்துளைகளையும் ஒப்பிடுங்கள். பிறகு இன்னொரு துண்டை வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரில் போட்டு நேரத்தை மீண்டும் பாருங்கள். பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்ற விதி உங்கள் தம்ளரில் எவ்வளவு நெருக்கமாக வருகிறது?